நான்காவது படி

காவல் நிலையத்தில் கேட்டார்கள்:
இன்னா விழா?
இலக்கிய விழா சார்.
எந்தக் கட்சி?
கட்சி இல்லை.
அப்புறம் எதுக்கு மைக்?

கலந்துகொள்ளும் முக்கியப் பிரமுகர்கள் என்ற கட்டத்தில்
ஐஸ் கம்பெனி கணக்கர், கன்டெய்னர் ஓட்டுநர்,
ஸ்டான்லியில் டயாலிசிஸ் பார்க்கும் நஸ்ரின் என்று
நிரப்பியிருந்தேன்.
உதவி ஆய்வாளர் இரண்டு முறை படித்தார்.
மூன்றாவது முறை என்னைப் படித்தார்.
ஒன்பதுக்குள் முடிச்சிடணும் என்று
முத்திரையை ஊதிக் குத்தினார்.

நான் பொருளாளர்.
வரவு பதினோராயிரத்து நானூற்று இருபது.
அதில் ஐநூறு கேரம் கிளப் தந்தது,
பேனரில் தங்கள் பெயர் வரக்கூடாது என்ற நிபந்தனையோடு.
பெயரைப் பெரிதாகப் போடச் சொன்னவர்கள்
ஒன்றும் தரவில்லை.
அச்சகத்தில் வாசகர்களை வாகசர்கள் ஆக்கிவிட்டார்கள்.
யார் அந்த வாகசர்கள் என்று
மூன்று பேர் போன் செய்தார்கள்.
மூவரும் வந்தார்கள் என்பதையும்
இங்கே பதிவு செய்கிறேன்.

ஞாயிறு மாலை ஐந்து மணி என்று போட்டிருந்தோம்.
ஐந்துக்குக் கொருக்குப்பேட்டை கேட் விழுந்தது.
டேங்கர் டேங்கராக எண்ணெய்,
முடிந்தது என்று நினைத்தபோது
எதிர்ப்பக்கமிருந்து இன்னொரு சரக்கு.
தலைமையுரை அந்தப் பக்கம் ஷேர் ஆட்டோவில்,
நூற்றிருபது நாற்காலி இந்தப் பக்கம்.
மணலியிலிருந்து வாடை வீச,
பள்ளிக்கூட மைதானத்தில்
கால்பந்துப் பையன்களிடம் பாதி மைதானம் கடன் கேட்டோம்.
பெனால்டி பக்கத்தைத் தர மாட்டோம் என்றார்கள்.
ஐந்தே முக்காலுக்குத்
தலைமையுரை குனிந்து தடுப்பைத் தாண்டி வந்தது,
வேட்டியில் கிரீஸோடு.

நஸ்ரின் கவிதை வாசித்தபோது ஒரு பந்து
மேடைக்கு வந்தது.
வரியை விடாமல் காலால் திருப்பி அனுப்பினாள்.
அன்றைக்குக் கிடைத்த பெரிய கைத்தட்டல் அதற்குத்தான்.

பிறகு கன்டெய்னர் ஓட்டும் ஜெபராஜின் கதை.
படித்து முடித்ததும்
கடைசி வரிசையிலிருந்து கோட்டீஸ்வரி எழுந்தாள்.
மைக்கை நீட்டினோம், வேண்டாமென்றாள்,
அவள் குரலுக்கு அது தேவையுமில்லை.

"பேர மாத்திட்டா தெரியாதா?
அது நான்தான்.
கடலுக்குப் போன புருஷன் வரலன்னு
நாலாவது படியில ஒக்காந்து அய்தேன்னு எய்திகீற.
எட்டாம் மாசம் வந்தாரே அவரு,
அத ஏன் எய்தல?"

"கதை அதுக்கு முன்னாடியே முடிஞ்சிடுச்சிக்கா."

"சரி. எங்கூட்டுக்கு மூணு படிதானே?"

ஜெபராஜ் தாளைப் பார்த்தான்.
தாளில் நாலு என்றுதான் இருந்தது.
"நீ அய்தப்ப நாலுக்கா.
நான் எதிர்க்க கோலி ஆடிகினு இருந்தேன்.
அப்புறம் ரோடு போட்டாங்க,
அதுமேல ரோடு போட்டாங்க."

சிரிப்பு எங்கிருந்தோ கிளம்பிப் பாதியில் நின்றது.
அவரவர் வாசலை எண்ணிக்கொண்டிருந்தார்கள் போல.
கோட்டீஸ்வரி மட்டும் மெதுவாகச் சொன்னாள்:
"ஆமா. அந்தப் படி இருக்கசொல்ல
மய தண்ணி உள்ள வந்ததில்ல."

ஒன்பது மணி ஆகிவிட்டது.
நன்றியுரையைக் கான்ஸ்டபிளின் விசில் சொன்னது.

புத்தக மேசையில் அவள் வந்து நின்றாள்.
எண்பது ரூபாய்க்கா என்றேன்.
சுருக்குப்பையிலிருந்து அறுபதை எண்ணி வைத்தாள்.
"நாலு படிக்கு எம்பதுன்னா
மூணு படிக்கு இன்னா? நீயே கணக்கு போடு."
போட்டேன். சரியாகத்தான் வந்தது.

காலையில் மஸ்தான் பந்தல்காரர் எண்ணிப் பார்த்தார்,
நூற்றுப் பத்தொன்பது.
கோல் கம்பத்தின் பின்னாலும் தேடியாயிற்று.

செலவு:
போண்டா, டீ, ஜெனரேட்டர் டீசல்,
காணாமல் போன நாற்காலி ஒன்று.
அதற்குக் கீழே,
தாருக்கு அடியில் இருக்கும் படி, ரூபாய் இருபது.

ரசீது இல்லை.
சந்தேகம் உள்ளவர்கள் நேரில் வந்து
தோண்டிப் பார்த்துக்கொள்ளலாம்,
கேட் திறந்திருந்தால்.